கேட் மூடியிருக்கிறது

காலை ஐந்தரைக்கு எங்கள் ஊரில்
மூச்சைக் கண்ணால் பார்க்கலாம்.
வாயைத் திறந்தால் வெளியே வந்து நிற்கும்,
முகவரி கேட்கிற ஆள் மாதிரி கொஞ்சம் தயங்கி,
பிறகு தேயிலைக்குள் இறங்கிப் போய்விடும்.

பதினோரு வருடமாய்த் திரீவீல் ஓட்டுகிறேன்.
முன்கண்ணாடியில் படிகிற ஆவியைத்
துடைத்துத் துடைத்துத் திட்டியிருக்கிறேன்.
அது என் மூச்சு என்று
ஒருநாளும் தோன்றவில்லை.

லீசிங்காரன் தினமும் போன் பண்ணிய மாதம்
நெஞ்சுக்குள் யாரோ கொழுந்துச் சாக்கைத் திணித்துக்
காலால் மிதித்தார்கள்.
மாரடைப்பு என்று நினைத்து
வண்டியை ஓரங்கட்டி,
மனைவியிடம் சொல்லாத கடன்களை
மனசுக்குள் வரிசையாய் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஈசிஜியில் ஒன்றுமில்லை.
கிளினிக்கில் மல்காந்தி மிஸ்
தன் வயிற்றில் கை வைத்துக் காட்டினார்:
உள்ளே நாலு, வெளியே ஆறு.
"ஹெமின், மல்லி, ஹெமின்."

சிரிப்புத்தான் வந்தது.
பிறந்ததிலிருந்து இலவசமாய் விடுவதை
இனி எண்ணி விட வேண்டுமாம்,
கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை போல.
லயத்தில் அதற்கு இடமேது?
ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் டிவி,
இந்தப் பக்கம் குக்கர்.
கண்ணை மூடினால்
"என்ன, தூக்கமா? பைப்புல தண்ணி வந்திருச்சு" என்பாள்
புனிதமலர்.

கடைசியில் இடம் கிடைத்தது
கொட்டகலை ரயில் கேட்டில்.
மூடினால் ஏழு நிமிஷம், சில நாள் பன்னிரண்டு.
இஞ்சினை நிறுத்துவேன். கையை வயிற்றில் வைப்பேன்.
ஒன்று, இரண்டு,
தவணை ஞாபகம் வரும்.
மறுபடி ஒன்று.
பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிப்பான்,
ரயிலையே விலகச் சொல்வது போல.
மறுபடி ஒன்று.
ஆறுவரை போன நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

கேட்காரர் கருணாசேன ஒருநாள் குனிந்து கேட்டார்,
"என்ன, சாமி கும்பிடுறியா?"
"இல்ல, மூச்சு விடுறேன்."
"சரி, விடு" என்று
பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.
அன்றைக்குத்தான்
கண்ணாடியில் ஆவி விரிந்து சுருங்குவதைத்
துடைக்காமல் பார்த்தேன்.
ஏதோ ஒரு சின்னப் பிராணி
அங்கே படுத்துத் தூங்குவது போலிருந்தது.

போன மாசியில்
மேல்டிவிஷனிலிருந்து ஒரு தாய்.
மடியில் ஆறு வயதுப் பையன், இளைப்பு.
விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி
மூடாத கதவில் காற்று போகிற சத்தம்.
டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
கேட் மூடியிருக்கிறது.
பதுளை ரயில் வந்துகொண்டிருக்கிறது என்று
கருணாசேன கையை விரித்தார்.

தாய் கத்துகிறாள்.
பையன் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து
இன்னும் இழுக்கிறான்.
எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று.
ரெக்சின் திரையை விலக்கித் திரும்பி உட்கார்ந்தேன்.

"டிலுக்சன், இங்க பாரு.
மாமா வாயிலேருந்து புகை வருது.
நீயும் ஊது. மெல்ல.
சூடான பிளேன்டீயை ஆத்துற மாதிரி."

அவனுடையது உடைந்து உடைந்து வந்தது.
என்னுடையது கொஞ்சம் நீளம்.
இரண்டும் சீட்டுக்கு மேலே முட்டிக் கலைந்தன.
ஹெமின் என்றேன்.
எந்தப் பாஷை என்று அவன் கேட்கவில்லை.
தாயும் ஊதத் தொடங்கினாள்,
அழுதுகொண்டே.

அற்புதம் ஒன்றும் இல்லை.
இளைப்பை நிறுத்தியது
ஆஸ்பத்திரியில் முகத்தில் மாட்டிய மருந்துப் புகைதான்.
அதுவரைக்கும் பயம் மட்டும்
சற்றே கீழிறங்கி உட்கார்ந்திருந்தது,
பஸ்ஸில் சீட் கிடைத்த ஆள் போல.
அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று
நான் கவனிக்கவே இல்லை.

தவணை இன்னும் பதினான்கு இருக்கிறது.
துடைக்கிற துணி சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.
இன்று கேட்டைச் சீக்கிரம் திறந்துவிட்டார்கள்,
நாலுவரைதான் வந்திருந்தேன்.
பின்னால் ஹார்ன்.
போகிறேன், போகிறேன்.