பத்தொன்பதரை மணி நேரம்

என் ஒப்பந்தத்தில் வாரத்துக்குப் பத்தொன்பதரை மணி நேரம்.
இருபதைத் தொட்டால் என் பல்லுக்குப்
பல்கலைக்கழகம் பணம் கட்ட வேண்டும்.
ஆகவே அரை மணி நேரம் குறைவாக இருக்கிறேன்.
கடைவாய்ப் பல்லும் ஒன்று குறைவாக இருக்கிறது.

விடியாத ஐந்தேகால்.
தண்டர் பே நகரத்தில் மைனஸ் இருபத்தொன்பது.
இரவெல்லாம் காரைச் சூடாக வைத்திருந்த
பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு
ஏரிக்காற்று காதைத் திருகத் திருக
நிலவறைக் கதவில் அட்டையைக் காட்டுகிறேன்.
பச்சை.
இன்னும் இங்கேதான் வேலை செய்கிறேன்.

நீச்சல் குளத்துக்குக் கீழே எங்கள் அறை.
சன்னல் கிடையாது. கூரைக் குழாயில் ஒரு சொட்டு
எப்போதும் விழப்போகிறது.
பதினோரு கம்பிகளில் ஒன்று லேசாக வளைந்தது,
கீழே வைக்கும் சத்தத்திலேயே தெரியும்,
அதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதில்லை.

முதலில் வாலிபால் பெண்கள், பாதித் தூக்கத்தில்.
பிறகு மல்யுத்தக்காரர்கள்.
எடை குறைக்கிறேன் என்று எச்சிலைக்கூட விழுங்காத கெய்ரனை
ஒரு வாழைப்பழம் தின்ன வைப்பதற்குள்
எனக்குப் பசித்துவிடும்.
"முதுகை வளைக்காதே, இடுப்பை மடக்கு."
ஒரு காலைக்கு நாற்பது முறை சொல்கிறேன்,
ஆறு வருடங்களாக.
தூக்கத்தில்கூடச் சொல்வதாக என் கணவர் ஆர்வோ
திரும்பிப் படுத்துக்கொண்டே முனகுவார்.

ஒடெட், ஹாக்கி அணியின் கோல்கீப்பர்.
செப்டம்பரில் முழங்காலில் தையல் போட்டவள்
நான்கு மாதம் கழித்து இறங்கி வந்தாள்.
"வெறும் கம்பியா?" என்றாள், அவமானப்பட்டவளாக.
"வெறும் கம்பி இருபது கிலோ" என்றேன்.
தூக்கினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
நான் குழாயில் தொங்கிய சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்தில் ஹார்டுவேர் கடை.
சாலையில் தூவுகிற உப்பு, அதுவும் இருபது கிலோ மூட்டை.
வியாழக்கிழமை பனிப்புயல்,
கோவல்சுக்கின் வண்டியில் ஏழாவது மூட்டையை ஏற்றும்போது
சட்டைப்பையில் போன் அடித்தது.
இயக்குநர் பெட்டிக்ரூவாகத்தான் இருக்கும்,
அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச.
மூட்டையோடு திரும்பினேன்.
நடு ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடுவதுபோல
இடுப்புக்கு மேலே ஒரு கோடு ஓடியது.
நான். நாற்பது முறை சொல்கிற நான்.

வெள்ளிக்கிழமை யாருக்கும் சொல்லவில்லை.
முதுகு பிடித்த பயிற்சியாளர்
சொத்தைப் பல் டாக்டரைப் போல.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
கறாரான ஆள்போல நடந்தேன்.
வருவதை முன்கூட்டியே பார்ப்பது கோல்கீப்பரின் தொழில்.
ஒடெட் ஒன்றும் கேட்காமல்
எல்லாத் தட்டுகளையும் அவளே எடுத்து மாட்டினாள்.
என்னைத் தாண்டிப் போகும்போது மட்டும்
"இடுப்பை மடக்கு" என்றாள், மெதுவாக.
சிரித்தேன். சிரித்தது வலித்தது.

திங்கட்கிழமை பெட்டிக்ரூவின் அறை.
அவர் அறைக்குச் சன்னல் உண்டு.
"உட்காருங்கள் ரீட்டா" என்றார்.
உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நின்றேன்.
நிதிநிலை, இறுக்கம், எல்லாத் துறைகளுக்கும்தான் என்றார்.
பதினான்கு மணி நேரம் என்றார்.
நான் அசையவில்லை,
அசைந்தால் அந்தக் கோடு கால்வரை இறங்கும்.
பல்லைக் கடித்துக்கொண்டேன், மிச்சமிருக்கிற பற்களை.
என் நெற்றி வேர்வையைப் பார்த்தார்.
கோபம் என்று நினைத்துவிட்டார்.
பதினாறு என்றார்.
வெளியே பனி வாரும் வண்டி ஒன்று
பின்னோக்கிப் போகும் ஒலியோடு
நீண்ட நேரம் பின்னோக்கிப் போனது.
"சரி, பத்தொன்பது. அதற்குமேல் என் கையில் இல்லை."
அந்த அரை மணி நேரத்தை அவரே வைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடும்போது பேனா கீழே விழுந்தது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
நான் குனியவில்லை.
கடைசியில் அவரே எழுந்து, மேசையைச் சுற்றி வந்து,
முழங்காலை விறைப்பாக வைத்து
முதுகைக் கொக்கிபோல் வளைத்துக் குனிந்தார்.

வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபது.
என் நேரம் ஒன்பதரைக்கே முடிந்திருந்தது.