குறைந்த சூடு

நாலுக்கு ஒன்று, தண்ணீரும் தானியமும்.
குமிழைக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டு
பனி தள்ளும் லாரிக்குக் கிளம்புகிறான் ஆர்விட்.
டுலூத்தில் ராத்திரி பத்தரை.

வாற்கோதுமைக்கு அவசரமில்லை.
முழு ஓட்ஸ்
இரண்டு மணிக்குமேல்தான் வாய் திறக்கும்.
ஆளில்லாத சமையலறையில்
கண்ணாடி மூடி வியர்த்து
தன் கஞ்சிக்குத் தானே
சொட்டுச் சொட்டாய்ப் பெய்கிறது.

ஏழு மணிக்கு
ஆஸ்பத்திரி நைட் ஷிப்ட் முடித்து சிக்னி வருகிறாள்.
காலணியெல்லாம் ரோட்டு உப்பு, வெள்ளையாய்.

மூடியைத் திறந்தால்
ஓரம் சுற்றிலும் சுரண்டித் தின்றிருக்கிறது.
பழுப்பேறிப் பிடித்த ஓரம்
அவளுக்குப் பிடிக்காது.
நடுவில் மட்டும் ஒரு மேடு,
இன்னும் ஆவியோடு.

மாடியில் குறட்டை.
நின்றவாக்கில் ஒரு கரண்டி வாயில் வைத்தவள்
ஜன்னல் வழியே ரோட்டைப் பார்க்கிறாள்:

ஊருக்கெல்லாம் விடிய விடிய உப்புத் தூவியிருக்கான்,
இதில் போட மறந்துட்டான்.