பத்தி ஏழு, புள்ளி மூன்று

லிமாவில் மழை பெய்வதில்லை.
கடல் எழுந்து வந்து
கண்ணாடிக் கதவில் முகம் பதித்துப் பார்க்கும்,
அவ்வளவுதான். கரூவா என்பார்கள்.
நவம்பரிலும் போகாமல் நிற்கிறது.
குடை விற்காத இந்த ஊரில்
நாற்பத்திரண்டு பேர் கூடி
இடியைப் பற்றிப் பேசுகிறோம்.

நான் குறிப்பெடுப்பவள்.
மேகத்துக்கு எல்லை தெரியாது என்ற வாக்கியம்
முதல் காப்பிக்கு முன்பே
மூன்று முறை வந்துவிட்டது.
நான்காவதிலிருந்து எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

மேகத்துக்குத் தெரியாதுதான்.
எச்சரிக்கைக்குத் தெரியும்.
திரையில் பாருங்கள், சென்ற பிப்ரவரி:
மலைகளுக்கிடையே மேட்டுச் சமவெளி,
அதன்மேல் பதினைந்து கிலோமீட்டர் உயர இடிமேகம்.
கிழக்குப் பாதி சிவப்பு.
மேற்குப் பாதியில் ஒன்றுமே இல்லை.
நடுவில் ரொட்டிக்கத்தி இறங்கிய மாதிரி
ஒரு நேர்கோடு.
அந்தக் கோட்டுக்கு அப்பால்
காகிதத்தில் மட்டும் தெளிந்திருந்த வானத்துக்குள்
ஒரு சரக்கு விமானம் நுழைந்திருக்கிறது.
திரும்பி வந்துவிட்டது.
அறிக்கையின் கடைசி வரி அது.

ஆகவே பத்தி ஏழு, புள்ளி மூன்று.
கோட்டின்மேல் மேகம் அமர்ந்தால்
எச்சரிக்கை விடுமுன்
அண்டை அலுவலகத்தை
அழைக்க வேண்டும் என்பதா,
அழைத்தல் நலம் என்பதா?

ஒரு வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு
காலை முழுதும் போனது.
வேண்டும் என்றால் ஆள் வேண்டும், இரவுப்படி வேண்டும்,
தணிக்கைக்காரர் வந்து ஏன் அழைக்கவில்லை என்பார்.
நலம் என்றால்
யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.
மொன்ட்ரியாலிலிருந்து வந்த தோர்பியோர்க்
ஓர் அடைப்புக்குறி போட்டு
இரண்டையும் உள்ளே வைத்தார்,
சண்டைப் பூனைகளை
ஒரே கூடையில் மூடுவதுபோல.

அப்போதுதான் நிக்கனோரா சோக்கெவாங்கா
ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினார்.
எல் ஆல்தோ அலுவலகம். பதினோரு வருடம் இரவுப் பணி.
நான் அழைக்கிறேனே, என்றார்.
யாரை?
இக்கிக்கேயில் உலிசெஸை.
எந்த ஏற்பாட்டின்படி?
என் கைப்பேசியின்படி.
கட்டணம் யார் தருகிறார்கள்?
அவர் பதில் சொல்லவில்லை.
சென்ற பிப்ரவரியில் ஏன் அழைக்கவில்லை?
காய்ச்சல். விடுப்பில் இருந்தேன்.

அரங்கின் மறுகோடியில்
வழுக்கைத் தலையொன்று மெல்ல எழுந்தது.
குரலைக் கேட்டுத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.
இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே
பதினோரு வருடம் வாழ்ந்த குரலுக்கு
இவ்வளவு குட்டையான ஒரு பெண் இருப்பாள் என்று
அவர் நினைத்திருக்கமாட்டார்.
கையசைத்தார். தலைவர் அதைப்
பேச அனுமதி கேட்பதாக எடுத்துக்கொண்டார்.

மதியம். மீன் சூப்.
இருவரும் ஒரே மேசை, பேச்சு அதிகமில்லை,
பழக்கமான குரல்களுக்கு முகம் இடைஞ்சல் போலும்.
நிக்கனோரா கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தார்.
சமவெளியின்மேல் ஒரு வெள்ளைப் பொட்டு.
அதன் விளிம்பு கோட்டுக்கு ஒரு விரல் தூரம்.
கரண்டி பாதி வழியில் நின்றது.

நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், என்றார்.
நீங்களும், என்றார் உலிசெஸ்.

இடைவேளை பதினேழு நிமிடம் நீண்டது.
காரணம் கேட்கப்படவில்லை, பதியப்படவும் இல்லை.
நடைபாதையில் இருவர் சுவரைப் பார்த்து நின்று
தத்தம் ஊர்களுக்கு
ஒரு தொலைபேசி எண்ணை
இலக்கம் இலக்கமாய் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.
இல்லை, எட்டு. எட்டு. ஏழு இல்லை.
எழுதிவிட்டாயா? திருப்பிச் சொல்.

மாலை ஐந்தரைக்குப் பத்தி நிறைவேறியது.
நலம் வென்றது.
தட்டச்சில் நான் வேண்டும் என்று அடித்துவிட்டு
அழித்துத் திருத்தினேன்.

என் குறிப்பேட்டின் ஓரத்தில்
அந்த இரண்டு எண்களும் இருக்கின்றன.
அவை ஆவணத்தின் பகுதி அல்ல.