ரசத்துக்குத் தொட்டுக்க

சூரமங்கலம் உழவர் சந்தையில்
தார்ப்பாயை மடிக்கிற நேரம்.
"முக்காக் கிலோதான் கெடக்குது, எடுத்துக்க கண்ணு.
வேகவெச்சாப் போதும், வெல்லமே வேண்டாம்" என்றவளிடம்
வேகவைக்கப் போவதில்லை என்று சொல்லவில்லை.
ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான்
விளக்கம் சொல்ல முடியும்.

தோல் சீவுவதில்லை.
செம்மண் போகத் தேங்காய் நாரால் தேய்த்து,
சுண்டுவிரல் மொத்தத்துக்கு வில்லை போட்டு,
உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம்.
அதற்குள் மிக்ஸியில்
ஆறு வரமிளகாய், சோம்பு, சீரகம்,
தோலோடு ஏழெட்டுப் பல் பூண்டு,
அப்புறம் மிளகு.

மிளகு ஸ்டனிஸ்லாஸ் கொடுத்தது.
எக்ஸ்ரே அறையில் இருக்கிறார், ஏற்காட்டுக்காரர்.
நாகலூரில் அவர் வீட்டுச் சில்வர் ஓக்கில்
நாலு கொடி ஏறியிருக்கிறதாம்.
மாசி பிறந்தால் பழைய ஃபிலிம் உறையில்
கொட்டிக்கொண்டு வந்துவிடுவார்.
என் அடுப்படி அலமாரியில்
'மாரப்பன், 61, வலது முழங்கால்'
என்ற உறைக்குள்தான் மிளகு இருக்கிறது.

ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேன் சென்டர்.
முன்மேசை எனக்கு.
சட்டையில் குத்திய பட்டையில்: அமுதமொழி.
படித்துவிட்டுத்தான் திட்டுவார்கள்.
"பேரு மட்டும் நல்லா வெச்சிருக்காங்க."
டாக்டர் கிளம்பிட்டாருங்க சார்.
தண்ணி நெறையக் குடிச்சுட்டு உக்காருங்கம்மா.
ரிப்போர்ட் ஆறு மணிக்குங்க.
ஒன்பது மணி நேரம் 'ங்க' போட்டுப் பேசினால்
உதட்டில் பாகு காய்ந்த மாதிரி இருக்கும்.

சக்கரவள்ளிக்கும் இதே தொல்லைதான்.
பேரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள்.
மண்ணுக்குள் இருந்தபோது
யாராவது கேட்டார்களா அதை?

இரும்புச் சட்டி காய்ந்து புகைய வேண்டும்.
கடலெண்ணெய், கறிவேப்பிலை,
ஈரம் துடைத்து மசாலா புரட்டிய வில்லைகள்,
மேலே ஒரு கை அரிசி மாவு தூவி,
பிறகு தீயைக் குறைத்துவிட்டு
ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும்.
கிளறினால் கூழாகிவிடும்.
கிளறாமல் நிற்கத்தான் எனக்கு நாலு வருஷம் ஆனது.
உள்ளே இருக்கிற சக்கரை
தானாக ஓரத்துக்கு வந்து
மிளகாயில் மாட்டிக் கருகும்.
அந்த வாசனைக்கு
மாடிவீட்டுப் பையன் தும்முவான்.

தவசீலனுக்கு இரண்டாம் ஷிஃப்ட்.
உருக்காலைப் பேருந்து பத்தே முக்காலுக்கு இறக்கிவிடும்.
ரசச் சோற்றைப் பிசைந்து
முதல் வில்லையைக் கடித்ததும் நிமிர்ந்தான்.
கண்ணில் தண்ணீர்.
"இன்னிக்கு யாரு?"

அவனுக்குக் காரத்தை வைத்தே தெரியும்.
போன வியாழன், நிலத்தரகர், பில்லை விட்டெறிந்தவர்.
அதற்கு முந்தி, கவுன்சிலருக்கு மச்சான் என்றவன்.
ஒரு தடவை டாக்டரே.

"யாருமில்ல."

"பின்ன?"

கவரைக் கொடுத்தேன்.
என் வயசுதான் இருக்கும்.
பின் அடிக்கும்போது
கடைசி வரி கண்ணில் பட்டுவிட்டது எனக்கு.
அவள் பிரிக்கவில்லை.
பைக்குள் நேராக வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு,
"உங்க பேரு ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள்.
சிரித்தேன்.
அதற்குத்தானே சம்பளம்.

அவன் இன்னொரு வில்லை எடுத்தான்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றான்.
தண்ணீர் கேட்கவில்லை.
நானும் சட்டியை இழுத்து
ஒட்டியதைச் சுரண்டினேன்.

"நாளைக்கு டப்பாவுக்கு இருக்கா?"

"நாலு இருக்கு."

நாளை பத்து மணிக்கு டாக்டரைப் பார்க்க வருவாள்.
நோட்டில் அவளுக்கு முன்னால்
பதினாலு பேர் இருந்தார்கள்.
முதல் டோக்கன் அவளுக்கு.
திட்டட்டும் அந்தப் பதினாலு பேரும்.
மிளகு இன்னும் பாதி உறை இருக்கிறது.