எழுபத்தைந்து ஃபிரேம்

ஜூனில் ஓர்ஹுஸ் நகரத்தில்
இரவு பத்தரைக்கும் வெளியே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம்.
ஜன்னலில் கறுப்புக் குப்பைப்பை ஒட்டி
எங்களுக்கான இரவை நாங்களே செய்துகொண்டோம்.

கோடை நல்கை. பத்து வாரம். நான்கு பேர்.
எல்லோரிடமும் மை காயாத பட்டம்.
அஸ்கரின் பட்டப் படத்தில்
மீன் ஆலைப் பெண் ஒருத்தி பன்னிரண்டு நிமிடம்
கையுறை கழற்றுகிறாள்.
இல்வாவுடையது கறுப்பு வெள்ளை.
நிவியாக் கிரீன்லாந்துக்காரி;
பனி விரிசல் விடும் ஓசையை மட்டும் வைத்துப்
பரிசு வாங்கியவள்.
என்னுடையதைக் கேட்காதீர்கள்.
அம்மாவே பாதியில் எழுந்து
காபி போடப் போய்விட்டாள்.

முதல் நாள் தயாரிப்பாளர் போடில்
சுவரளவு அட்டவணையைக் காட்டினார்.
ஐம்பத்திரண்டு அத்தியாயம், தலைக்கு ஏழு நிமிடம்.
ஒரு முள்ளெலி. அதற்கு இருட்டென்றால் பயம்.
அஸ்கருக்கு உதட்டசைவு.
இல்வாவுக்கு வானம்.
நிவியாக்குக்குக் கதவின் கிரீச், இலைச் சலசலப்பு, கஞ்சியின் கொதி.
எனக்கு இமை.

இமை என்றால் இமைதான்.
முள்ளெலி எங்கே கண் சிமிட்டும், எங்கே சிமிட்டாது.
மூட இரண்டு ஃபிரேம், மூடியபடி ஒன்று, திறக்க மூன்று.
தலை திரும்பினால் ஒருமுறை.
பொய் சொன்னால் இருமுறை.
சிமிட்டாவிட்டால் பொம்மை,
கூடிப்போனால் கள்ளன்.

ஜூலையில் மனிதர்களை எண்ணத் தொடங்கியிருந்தேன்.
ரொட்டிக் கடைக்காரி, வாடகை கேட்க வந்தவர்,
பேருந்தில் கைபேசியில் எதையோ படித்துவிட்டு
நான்கு நிறுத்தம் இமைகொட்டாமல் வந்த ஒருவன்.
ஐந்தாவதில் நான் இறங்கவேண்டியிருந்தது.

பதினான்காம் அத்தியாயம்.
விளக்கு அணைகிறது.
முள்ளெலி இருட்டைப் பார்க்கிறது.
மூன்று நொடி. இசை இல்லை.
நிவியாக் கஞ்சியைக்கூட நிறுத்திவிட்டாள்.
எழுபத்தைந்து ஃபிரேமில்
நான் செய்த வேலை, எதுவும் செய்யாதது.
முடிந்த அன்று குப்பைப்பையைக் கிழித்தெறிந்துவிட்டுத்
துறைமுகத்தில் போய்க் குதித்தோம்.
தண்ணீர் பல்லைக் கிட்டவைத்தது.

தொலைக்காட்சியிலிருந்து குறிப்பு:
நான்காம் நிமிடம், பதினோராம் நொடி. நீளம்.
ஒரு நொடி போதும். குழந்தை சேனல் மாற்றிவிடும்.
நான் கத்தினேன்.
போடில் கத்தவில்லை. ஒரு படிவத்தைத் தந்தார்.
"பிள்ளைகளிடம் போட்டுக் காட்டு."

மழலையர் பள்ளி. பதினேழு பேர். ஈரக் காலுறை வாசம்.
ஒருவன் மூக்கில் உலர்திராட்சை.
திரையில் விளக்கு அணைந்தது.
நான் திரையைப் பார்க்கவில்லை.
இரண்டு பேர் ஷூ நாடாவை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
ஒருத்தி கொட்டாவி விட்டாள்.
ட்ரோல்ஸ் என்ற பொடியன் எழுந்தான்,
நடந்தான்,
தொலைக்காட்சிக்குப் பின்னால் போய்
வயர்களுக்குள் குனிந்து பார்த்தான்.
"இங்கயும் இருட்டாத்தான் இருக்கு" என்றான்,
உள்ளே இருப்பதற்குக் கேட்கும்படி, மெதுவாக.
அதற்குள் இந்தப் பக்கம் விளக்கு வந்து
எல்லோரும் சிரித்தாயிற்று.
அவன் அதைப் பார்க்கவேயில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
கவனம் சிதறி எழுந்தவர்கள் உண்டா?
இல்லை என்று எழுதினேன்.
இருமுறை இமைத்திருப்பேன்.

வெட்டு விழுந்தது. நாற்பது ஃபிரேம் மிஞ்சியது.
அறுபது கேட்டிருந்தால் ஐம்பதாவது கிடைத்திருக்கும் என்றான் அஸ்கர்;
அவன் இப்போது விளம்பரத்தில் இருக்கிறான்.

டிசம்பரில் ஒளிபரப்பு.
மாலை மூன்றே முக்காலுக்கே கும்மிருட்டு.
கடைசியில் பெயர்கள் ஓடின. என் பெயருக்குப் பதினொரு ஃபிரேம்.
அம்மா போனில் கூப்பிட்டாள்.
முழுசாகப் பார்த்தாளாம்; எழவே இல்லையாம்.
"உன் பேரு மட்டும் வரலையே" என்றாள்.

இமைத்திருப்பாள்.