எதிரெதிர் மேசை

கப்பலில் வந்த மேசை இது.
யொகொஹாமாவோ கோபேயோ, பெட்டியிலிருந்த எழுத்தை
உப்பு தின்றுவிட்டது.
எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்கக் காசு போதாமல்
லூக்காஸின் தேநீர்க்கடையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.
மூதூர் லோஞ்ச் கட்டுகிற துறைக்கு எதிரில்,
முன்பு வாங்கு கிடந்த இடத்தில்.
கண்ணாடிக்கு மேலே பிளேன்டீ வைக்கலாம்.
கண்ணாடிக்குக் கீழே
ஐம்பத்தைந்து பேர் இறங்கி வருவார்கள்.

றேடியோ திருத்துகிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.
நூறு வோல்ட் நாட்டில் பிறந்தது,
நம் மின்சாரத்தைக் குடித்தால் வெந்துபோகும்.
பழைய நேவி ட்ரான்ஸ்போமர் ஒன்றைக்
கால்மாட்டில் நாய் மாதிரிக் கட்டினேன்.
இன்னும் உறுமிக்கொண்டு கிடக்கிறது.
நூறு யென் விழவேண்டிய வாயில்
நம் ஐம்பது சதம் ஒரு நூலளவு சின்னன்;
தொட்டில் தாங்காமல் துப்பியது, துப்பியது.
யப்பான் மீன்ரின் தகரத்தில் கீற்று வெட்டி
யப்பான் தொட்டிலை ஒடுக்கினேன்.
விழுங்கிற்று.
கடற்காற்றில் பலகையின் பற்கள் பாசி பிடித்தால்
பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்ப்பேன்.
திரை வெறும் கறுப்பு வெள்ளைதான்.
நீங்கள் காணும் பச்சை, ஒட்டிய செலோபன் தாள்.
இரண்டு கரையிலும் ஒட்டியிருக்கிறார்கள்.
இரண்டாம் ஆளின் முறை வந்ததும்
வானம் தலைகீழாகத் திரும்புமே, அதற்காக.
எந்தப் பக்கம் இருந்தாலும்
கீழே நிற்பது நாம், மேலிருந்து வருவது அவர்கள்.

எமில்டா ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு வேலை.
விடிய ஆறரைக்கு
காது வலிக்க வருவாள், விரல் மட்டும் ஓயாமல்.
எதிரில் சுங்கக் கந்தோர் ஆரியபால.
அவனுக்குத் தமிழில் எண்ணத் தெரியும்,
அவளுக்குச் சிங்களத்தில் ஏசத் தெரியும்.
விளையாட்டுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"கடைசி ஒன்று ஏன் இப்படிப் பறக்குது?" என்று கேட்டாள்.
சொன்னேன்: உள்ளே இருக்கிற சில்லு
ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் நகர்த்தும்.
கூட்டம் பெரிதென்றால் மெல்ல மெல்ல.
ஆட்கள் குறையக் குறைய வேகம்.
ஒருவரும் அப்படி நினைத்துக் கட்டியிருக்கமாட்டார்கள்,
வேலை குறைந்ததால் வந்த ஓட்டம்.
அவள் ஒரு நிமிடம் பேசவில்லை.
பிளேன்டீயில் ஈ விழுந்ததையும் பார்க்கவில்லை.

ஆறாயிரத்து நானூற்று முப்பது.
ஆரியபால அதை எடுத்த இரவு
ஏழரைக்குக் கரண்ட் போயிற்று.
பிளக் கழன்றால் எல்லாம் மறக்கிற சாதனம்;
திரும்ப வந்தபோது சைபர்.
"பொய்" என்றாள் எமில்டா அடுத்த நாள்.
சாட்சிக்கு லூக்காஸ் கடன் கொப்பியில் எழுதிவைத்தார்:
ஆரியபால, 6430.

பிறகு ஊரடங்கு.
எடுத்த மறுநாள் லோஞ்ச் ஓடியது, கடை திறந்தது,
ஆரியபால வரவில்லை.
இடமாற்றம் என்றார் ஒருவர்.
மாத்தறை என்றார். இல்லை, காலி என்றார் மற்றவர்.
லூக்காஸின் மகன் விஷயம் தெரியாமல்
கொப்பியைக் கூட்டிப் பார்த்து
சுங்கக் கந்தோருக்கே போய்
ஆறாயிரத்து நானூற்று முப்பது ரூபாய் கேட்டிருக்கிறான்.
அங்கே சிரித்தார்களாம்.
கடைசியில் ஒருத்தர் மட்டும் சிரிக்காமல்
முகவரி தெரிந்தால் அனுப்புவதாகச் சொன்னாராம்.

இன்று காலை எமில்டா
இரண்டு ஐம்பது சதம் போட்டாள்.
இரண்டு பேர் என்ற பொத்தானை அமத்தினாள்.
தன் முறை முடிய, வானம் திரும்ப,
எழும்பி, சேலையைப் பிடித்துக்கொண்டு
மேசையைச் சுற்றிப் போய்
அந்தப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.
செத்தாள். திரும்பவும் சுற்றி வந்தாள்.
லோஞ்ச் சனம் டிக்கட்டோடு பார்த்துக்கொண்டு நின்றது.
நான் பின்கதவைத் திறந்து
ட்ரான்ஸ்போமரைத் தொட்டுப் பார்த்தேன்.
நல்ல சூடு.
அவனுடைய பக்கத்தில் கூடுதலாக அடிக்கிறாள்போல.
ஐயாயிரம் தாண்டிவிட்டது,
கரண்ட் நிற்கவேண்டும்.