பதிலாள் வரும் வரை

அக்கரைப்பற்றில், ஸிமாரின் கொம்யூனிகேஷனில்
என் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது:
'கெமிஸ்ட்ரி மிஸ், ராஜினாமா, மூன்று.'
முதலாவதில் கெஞ்சியிருந்தேன்.
இரண்டாவதில் சட்டம் பேசினேன்,
அந்த நாட்டுச் சட்டம், அதுவும் அரைகுறையாய்.
"திகதிய மட்டும் மாத்தவா மிஸ்?"
இல்லை தம்பி, முழுவதும் அழி.

சோஹாரில் நான் படிப்பிக்கும் பள்ளியில்
நீச்சல் தடாகம் உண்டு.
ஆய்வுகூடத்தில் ஒரு சொட்டு அமிலம் இல்லை.
இரண்டு வருடமாய்ப் படம் கீறித்தான்
நடுநிலையாக்கல் நடத்தினேன்.
மஸ்கட்டில் வேறொரு பள்ளி கூப்பிடுகிறது.
பியூரெட் பன்னிரண்டு இருக்கிறது என்றார்கள்,
நான் சம்பளம் கேட்க மறந்துபோனேன்.

ஒரு தாள் வேண்டும்.
'இவரை விடுவிப்பதில் எமக்கு ஆட்சேபணை இல்லை.'
ஆட்சேபணை இருக்கிறதாம்.
தொலைபேசியில் மனிதவள மெடத்தின் குரல் தேன்:
"நீங்கள் எங்கள் குடும்பம், டியர்."
குடும்பம் என்பதால்தான் போலும்
என் பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி
அவர்களுடைய இரும்பு அலுமாரியில் படுத்திருக்கிறது.

தம்பிலுவிலில் அக்கா சொல்கிறாள்:
"உட்டுப்போட்டு வாகா.
கஞ்சியெண்டாலும் இஞ்ச குடிப்பம்."
அவள் வீட்டுக்குக் கூரை போட்ட கடன்
இன்னும் பதினொரு மாதம் என் பெயரில் ஓடுகிறது.
அதை நாங்கள் இருவரும் பேசுவதில்லை.
லீவு முடிய ஒன்பது நாள்.

மின்சாரம் போனது.
கணினிக்குக் கீழே ஒரு பெட்டி கீச்சிட்டு ஓய்ந்தது.
இருட்டுக்குள் ஸிமார் கேட்டான்:
"என்ன ஞாபகமில்லயா மிஸ்?
பொத்துவில். உயர்தர வகுப்பு, கடைசி வாங்கு."

பொத்துவில்.
விடிய ஐந்து பத்து பஸ்.
கோமாரிக்கு அங்கால் ரோட்டில் யானை நின்றால்
முதலாம் பாடம் யானைக்கு.
வருடா வருடம் இடமாற்றம் கேட்டேன்,
வருடா வருடம் வலயத்திலிருந்து அதே வரி வந்தது:
'பதிலாள் வந்ததும் விடுவிக்கப்படுவார்.'
அந்தப் பதிலாளுக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன்.
மெலிந்தவள், பஸ்ஸில் சத்தியெடுப்பாள்,
குடைக்குக் கைபிடி உடைந்திருக்கும்.
மூன்று வருடம் அவளுக்காகக் காத்திருந்தேன்.
பிறகு ஒருநாள் ஐந்து பத்து பஸ்ஸை விட்டேன்.
அடுத்த கிழமை விமானம்.
காரியாலயத் தாள்களில் இன்றும் நான்
பதவியை வறிதாக்கிச் சென்றவர்.

"நீங்க போன பொறகு ஆரும் வரல்ல மிஸ்.
பாதியில நிண்ட சமன்பாடு
ரெண்டு கிழம போர்ட்லயே கிடந்திச்சி,
நாங்க ஒருத்தரும் அழிக்கல்ல.
ஏழு பேர்ல ஆறு பேர் ஆர்ட்ஸுக்கு மாறினம்."
குற்றமாய்ச் சொல்லவில்லை.
கடை பூட்டும் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.
அந்த ஏழாவது ஆள் என்ன ஆனான் என்று
நான் கேட்கவில்லை.
இருட்டு வசதியாக இருந்தது.

"போகாதீங்க டீச்சர்" என்ற அன்று
பொத்துவில் அதிபரின் கண்
நேரசூசியில் வெறுமையாகப் போகும்
ஒரு கட்டத்தின் மேல் இருந்தது.
என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.
அன்று அதற்காகத்தான் கோபப்பட்டேன்.

வெளிச்சம் வந்தது. பிரிண்டர் இருமியது.
சொல்லச் சொல்ல அவன் தட்டினான்:
மூன்று மாத அறிவித்தல் இன்றிலிருந்து.
கடிதம் தந்தாலும் தராவிட்டாலும் போகிறேன்.
என் சான்றிதழை வெளியே எடுத்து வையுங்கள்.
பத்தாம் வகுப்பில் மோல் கணக்கு பாதியில் நிற்கிறது.
பதினோராம் வகுப்பில் மாஹிர் என்ற பையனுக்கு
எழுத்து தலைகீழாய்த் தெரியும், திட்ட வேண்டாம்.
ஆய்வுகூடச் சாவி இடது லாச்சியில்.

"ராஜினாமாவுல பாடமும் எழுதுவாங்களா மிஸ்?"
"எழுதியிருக்க வேணும்" என்றேன்.
அவன் என்னை ஒருதரம் பார்த்தான்,
பிறகு திரையைப் பார்த்தான்.
"நாப்பது ரூபா.
பிழைச்ச தாளுக்கும் சேத்து."

பொத்துவில் பஸ் வந்தது.
எனக்கும் அதே பஸ்தான்.
தம்பிலுவிலில் இறங்கினேன்,
அது போனது.